எண்ணியது போதும், படியுங்கள்: எங்கள் துணைவேந்தருக்கு ஒரு திறந்த மடல்

துணைவேந்தர் அவர்களுக்கும், ஆட்சிக்குழு மற்றும் கல்விக்குழு உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒன்றரைப் பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி எந்தத் துறையாக இருந்தாலும், முனைவர் பட்ட ஆய்வேட்டின் சுருக்கமான சினாப்சிஸைக் கொடுப்பதற்கு முன், ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயின்ஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்ப் பட்டியல்களில் உள்ள இதழ்களில் இரண்டு கட்டுரைகள் வெளியாகியிருக்க வேண்டும், ஏற்றுக்கொண்டதாக இதழ் தரும் கடிதம் போதாது, கட்டுரையில் ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர் பெயரும் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கடைசி வரியில், ஏற்கெனவே பதிவு செய்து ஆய்வில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்று சேர்த்திருந்தீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பல்கலைக்கழகத்தின் பெயரையோ சுற்றறிக்கை எண்ணையோ இங்கே போடவில்லை. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்குத் தெரியும்.

நான் வரலாற்றுத் துறையில் ஏழாவது ஆண்டில் இருக்கும் ஆய்வு மாணவி. 2019 ஜனவரியில் பதிவு செய்தேன். சிவகங்கைச் சீமையின் கண்மாய்களில் தண்ணீரை யார் எப்படிப் பங்கிட்டார்கள் என்பது என் ஆய்வு. 1803-ல் ஜமீனுக்கு நிரந்தரத் தீர்வை வந்ததிலிருந்து 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது வரை. ஆய்வேடு எழுதி முடித்தாயிற்று, அதுவும் தமிழில். நெறியாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார், டி.சி. எனப்படும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் உறுப்பினர்கள் திருத்தம் சொல்லி, அதையும் செய்து காட்டிவிட்டேன். சுற்றறிக்கை தேதியிலிருந்து எட்டாவது நாள் சினாப்சிஸ் பிரதிகளோடு ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போனபோது, கவுன்டரில் இருந்தவர் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. "ஸ்கோபஸ் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். கட்டை அப்படியே திருப்பித் தள்ளினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு நீங்கள் கொடுத்த கேள்வியைத்தான் அவர் கேட்டார்.

அந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

முதல் மூன்று வருடங்களில் பாதி எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போனது. கல்லூரி விடுமுறையில் மதுரையிலிருந்து இரவு ரயில் ஏறி, சென்னையில் தோழி அறையில் பை வைத்துவிட்டு, காப்பகம் திறக்கும் நேரத்துக்குப் போய் உட்கார்ந்து, சீட்டு எழுதிக் கொடுத்து, கட்டு வரும்வரை காத்திருந்து படித்தது. வருவாய் வாரிய நடவடிக்கைகளில் ஒரு தொகுதியில் எனக்கு வேண்டியது நான்கு பக்கம் இருக்கும், இல்லாமலும் போகும். தொட்டால் உதிர்கிற தாளை யாராலும் அவசரமாகப் புரட்ட முடியாது, புரட்டவும் கூடாது. அதில் கிடைப்பதோ கலெக்டர் பார்த்த கண்மாய் மட்டும்தான். மிகுந்த தண்ணீர் வழிகிற நம் ஊர்க் கலுங்கு அங்கே 'காலிங்குலா' ஆகிவிடும், குடிமராமத்து என்பது 1858-ம் வருடச் சட்டத்தில் கட்டாய உழைப்பு ஆகிவிடும். ஊர்க்காரர்கள் தாங்களே கூடிச் செய்த வேலையைக் கட்டாய உழைப்புச் சட்டத்தின் கீழ் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் என் இரண்டாவது இயலே.

அதனால் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. 1980-ல் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் பதவியை அரசு ஒழித்தபோது பழைய கணக்குகள் எல்லாம் தாலுகா அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடவில்லை, சில வீடுகளில் டிரங்குப் பெட்டியிலேயே தங்கிவிட்டன. அப்படி ஒரு வீட்டுக்கு நான் ஐந்து முறை போனேன். முதல் முறை காபி கொடுத்தார்கள். இரண்டாம் முறை, நிலத் தகராறுக்காக யாராவது அனுப்பினார்களா என்று சுற்றி வளைத்து விசாரித்தார்கள். மூன்றாம் முறை என் மகளையும் கூட்டிப் போனேன், வேறு வழியில்லை, அன்று அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அன்றைக்குத்தான் அந்த வீட்டுப் பாட்டி பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே இருந்ததில் பாதி கரையான் தின்றது. மிச்சத்தில் ஒரு கண்மாயின் மடைவாரிப் பங்கு இருந்தது. எந்தக் குடும்பத்துக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர், யாருக்குப் பிறகு யார், வறண்ட வருடத்தில் முறை எப்படி மாறும் என்று.

எல்லாம் தமிழ் எண்களில், மா, காணி, முந்திரி என்ற பின்னங்களில். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி. எம்.ஏ. வரை வரலாறு படித்த எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியரிடம் போய் ஸ்லேட்டில் எழுதிப் படித்தேன், முப்பத்து மூன்று வயதில். ஒரு குடும்பத்துக்கு மூன்றே முக்கால் நாழிகை என்று இருந்ததைக் கணக்குப் போட்டால் சரியாக ஒன்றரை மணி நேரம் வருகிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் எந்த வயல் பாயும், எது பாயாது என்று தெரிந்துகொள்ள மடையில் நின்று பார்க்க வேண்டும். இப்போதும் அந்தப் பக்கத்தில் நீர்ப்பாய்ச்சி வேலை பார்க்கிற ஒரு பெரியவரோடு இரண்டு கார்த்திகை மாதம் நின்று பார்த்தேன். அவர் பாட்டன் காலத்தில் மடைக்குடும்பன் என்று அந்த வேலைக்குப் பெயர். அறுவடையில் களத்து மேட்டில் அவருக்குப் பங்கு அளப்பார்கள், ஆனால் அதே மேட்டில் அவர் எங்கே நிற்கலாம் எங்கே நிற்கக் கூடாது என்றும் இருந்தது. தண்ணீரைத் திறக்கிற கை ஒன்று, தண்ணீருக்கு உரிமை உள்ள கை வேறொன்று. அதைச் சொல்ல எனக்கு ஒரு இயல் முழுக்க வேண்டியிருந்தது.

இதில் எதை வெட்டி ஆறாயிரம் சொல் கட்டுரையாக்குவது?

முடியாது என்று சொல்லவில்லை, முயன்றும் பார்த்தேன். 2023-ல் கடைசி இயலின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் எழுதி ஒரு நல்ல வரலாற்று இதழுக்கு அனுப்பினேன். ஸ்கோபஸில் உள்ள இதழ்தான், கட்டணம் எதுவும் கேட்காத இதழ். பதினோரு மாதம் கழித்து இரண்டு மதிப்பீட்டாளர்களின் குறிப்பு வந்தது. ஒருவர் நான்கு பக்கத்துக்கு மிகுந்த அக்கறையோடு எழுதியிருந்தார், அவர் யாரென்று தெரியாது, இருந்தாலும் நன்றி. இன்னொருவர் நாழிகையை எல்லாம் மணி நேரமாக மாற்றச் சொன்னார், சிவகங்கைக்கு வெளியே இருப்பவருக்கு இதனால் என்ன என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். திருத்தி அனுப்பினேன். இன்னும் முடிவு வரவில்லை. நல்ல இதழில் இப்படித்தான் ஆகும். மதிப்பீட்டாளர்கள் சம்பளம் வாங்காமல் தங்கள் வேலைக்கு நடுவே படிக்கிறார்கள். அனுப்பியதற்கும் அச்சுக்கு வருவதற்கும் இடையில் இரண்டு வருடம் ஆவது எங்கள் துறையில் புதிதல்ல. ஆய்வேடு தர எனக்கு இருந்த ஆறு வருடம் 2025 ஜனவரியோடு முடிந்து, பெண்களுக்கு உள்ள இரண்டு வருடச் சலுகையில்தான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறேன். 2027 ஜனவரிக்குள் ஒன்று வரலாம். இரண்டு வராது. வராவிட்டால் பதிவு ரத்து.

என் தம்பி வேதியியலில் ஆய்வு செய்தான். அவனுக்கு மூன்றாவது வருடமே இரண்டு கட்டுரை வந்துவிட்டது, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பெயர். அவன் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, ராத்திரி இரண்டு மணிக்கு லேபில் இருந்து போன் பண்ணியவன். ஆனால் அவர்கள் வேலையின் அமைப்பு அது. சோதனை ஒன்று முடிந்தால் கட்டுரை ஒன்று, நாலைந்து கட்டுரையைச் சேர்த்துத் தைத்தால் ஆய்வேடு. எங்களுக்குத் தலைகீழ். கடைசி ஆவணம் கைக்கு வரும்வரை முதல் இயலே மாறிக்கொண்டிருக்கும். பாட்டி பெட்டியைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் தண்ணீர்ப் பங்கீடு பற்றி அப்போதே ஒரு கட்டுரை போட்டிருப்பேன், அது தவறாகவும் இருந்திருக்கும். அவன் அளவுகோல் அவனுக்குச் சரி. அதை எடுத்து எங்களை அளக்கும்போதுதான் தப்பாகிறது.

கட்டுரையே போடாமல் பட்டம் கேட்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பதிவு செய்தபோது இருந்த விதிப்படி இரண்டு கட்டுரைகள் வேண்டும், நான் இரண்டும் போட்டிருக்கிறேன். அந்தக் கதையையும் கேளுங்கள். 2017-ல் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, ஒரு இதழ்ப் பட்டியல் போட்டது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை ஒரே அடியாக நீக்கியது. 2019-ல் யுஜிசியின் கேர் (CARE) என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. அந்தக் கேர் பட்டியலில் இருந்த ஒரு தமிழ் ஆய்விதழில் 2021-ல் ஒன்றும், 2022-ல் ஒன்றும் வெளியிட்டேன். 2022 நவம்பரில் வந்த புதிய யுஜிசி விதிமுறை, ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தையே எடுத்துவிட்டது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையும் கைவிட்டது. இப்போது உங்கள் சுற்றறிக்கை, கேர் கட்டுரைகள் கணக்கில் வராது என்கிறது. ஓடத் தொடங்கியபோது இருந்த கோட்டைத் தாண்டியாயிற்று, தாண்டிய பிறகு கோட்டை நகர்த்தியிருக்கிறீர்கள்.

யுஜிசி சொல்வது குறைந்தபட்சம், பல்கலைக்கழகம் கூடுதலாகக் கேட்கலாம் என்று உங்கள் தரப்பில் சொல்வார்கள். சரி, கேளுங்கள். ஆனால் கேர் பட்டியலை விட்டபோது யுஜிசி என்ன சொன்னது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எது நல்ல இதழ் என்று பார்க்கும் முறையை உயர்கல்வி நிறுவனங்களே வகுத்துக்கொள்ளட்டும் என்றது. நம் கல்விக்குழுவுக்கு, நம் பாடத்திட்டக் குழுக்களுக்குக் கைக்கு வந்த அதிகாரம் அது. பல வருடமாகப் பேராசிரியர்கள் கேட்டதும் அதுதான். அது வந்த சில மாதத்துக்குள் அதைத் தூக்கி ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ஒரு பதிப்பு நிறுவனத்தின் கையில் கொடுத்துவிட்டீர்கள். ஸ்கோபஸ் என்பது எல்ஸ்வியர் நிறுவனத்தின் வணிகப் பொருள், 2004-ல் வந்தது. அது ஒரு தேடல் கருவி. நான் அதில் தேடியிருக்கிறேன், பயன்பட்டிருக்கிறது. தேடுவதற்குச் செய்த கருவியைத் தேர்வு வைப்பதற்கு எடுத்தது நாம்.

அந்தப் பட்டியலில் ஒரு இதழ் சேர வேண்டுமென்றால் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், மேற்கோள் நூற்பட்டியல் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். என் ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளில் பாதிக்கு மேல் தமிழ். தமிழ்த் துறையில் என்னோடு ஆய்வின் தொடக்கத்தில் வரும் கோர்ஸ் வொர்க் வகுப்பில் படித்த தோழிக்கு முழுக்கவே தமிழ், அவள் சுவடிப் பதிப்பு செய்கிறாள், ஒரு சுவடியில் உள்ள பாடவேறுபாட்டை ரோமன் எழுத்தில் எழுதி யாருக்குக் காட்டுவது? மதுரைத் தமிழ்ச் சங்கம் 1902-ல் தொடங்கிய 'செந்தமிழ்' இதழ் இந்தச் சுற்றறிக்கைப்படி செல்லாது. பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல் நா. வானமாமலை பாளையங்கோட்டையிலிருந்து 1969-ல் தொடங்கி நடத்திய 'ஆராய்ச்சி' செல்லாது. நாட்டார் வழக்காற்றையும் சமூக வரலாற்றையும் ஆய்வாகப் பார்க்க என் நெறியாளரின் தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்த இதழ் அது. அவர்கள் படித்து வளர்ந்த இதழே அவர்கள் மாணவர்களுக்குச் செல்லாது என்றால் நாம் எந்த ஊர்ப் பல்கலைக்கழகம்?

எதனால் இந்தச் சுற்றறிக்கை என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. கல்வி நிறுவனங்களுக்கு ஒன்றிய அரசு போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கட்டுரை எண்ணிக்கையை ஸ்கோபஸிலிருந்தும் வெப் ஆஃப் சயின்ஸிலிருந்தும்தான் எடுக்கிறார்கள். தரவரிசை இறங்கினால் நிதி, சேர்க்கை, பெயர் எல்லாம் இறங்கும் என்ற உங்கள் கவலை பொய்யில்லை. ஆனால் அந்தக் கவலைக்கான விலையை, மாதம் பதினான்காயிரம் ரூபாய்க்கு இரண்டாம் ஷிப்டில் வகுப்பெடுத்துக்கொண்டு ஆய்வு செய்கிறவளிடம் வசூலிக்கிறீர்கள். யுஜிசியின் ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப் கிடைத்தவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. எனக்குக் கிடைக்கவில்லை, எங்கள் கல்லூரி மையத்தில் இருக்கும் பதினேழு பேரில் இரண்டு பேருக்குத்தான் இருக்கிறது. அந்த உதவித்தொகையிலும் ஒரு வேடிக்கை உண்டு. இதரச் செலவுக்கு அறிவியலுக்கு முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 12,000, எங்களுக்கு 10,000. செலவில் நாங்கள் வேறு துறை, கட்டுரையில் மட்டும் ஒரே துறை.

சரி, பணம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள், அவசரத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தீர்களா? சுற்றறிக்கை வந்த அன்று மாலையே எங்கள் ஆய்வு மாணவர் வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் வந்துவிட்டது. முப்பது நாளில் ஏற்புக் கடிதம், ஸ்கோபஸ் உத்தரவாதம், எந்தப் பாடமானாலும் சரி. நான் சும்மா கேட்டுப் பார்த்தேன். வரலாறா, 28,000 ரூபாய் மேடம் என்றார், கட்டுரை நீங்களே எழுதித் தருவதாக இருந்தால் 22,000. முதல் பெயருக்கு ஒரு விலை, மூன்றாவது பெயருக்கு ஒரு விலை. ஏற்கெனவே எழுதி வைத்த கட்டுரையில் இடம் பிடிப்பது, பஸ்ஸில் துண்டு போடுவது மாதிரி. பொருளாதாரத் துறையில் ஒரு தங்கை இரண்டு வருடத்துக்கு முன்பே, இன்னொரு பல்கலைக்கழகத்தில் இதே மாதிரி விதி வந்தபோது, தாலிக்கொடி தவிர மற்ற நகையை அடகு வைத்து ஒன்று போட்டாள். கட்டுரை வெளியான நான்காவது மாதம் அந்த இதழை ஸ்கோபஸே நீக்கிவிட்டது. பணம் போனது, கட்டுரையும் போனது, வட்டி மட்டும் இன்னும் இருக்கிறது. இன்னொருவர் பாலைத்திணை பற்றி எழுதியது உடல்நலவியல் என்று பெயர் வைத்த ஒரு இதழில் வந்தது. அதை அவர் யாரிடமும் காட்டுவதில்லை. ஆனால் எண்ணிக்கையில் அது ஒன்று. என் தமிழ்க் கட்டுரை, இரண்டு பேர் படித்து மூன்று முறை திருத்தச் சொல்லி வெளியானது, சுழியம்.

நெறியாளர் பெயர் கட்டாயம் என்ற வரியைப் பற்றியும் ஒன்று. என் நெறியாளர் நல்ல மனிதர், என் பிரதியைப் பச்சை மையில் வரி வரியாகத் திருத்தியவர், சுற்றறிக்கையைப் படித்துவிட்டு அவரே சங்கடப்பட்டார். "நான் எழுதாததுல எம்பேரு எதுக்கும்மா" என்றார். எங்கள் துறைகளில் எழுதியவர் பெயர்தான் கட்டுரையில் இருக்கும், வழிகாட்டியவருக்கு நன்றி அடிக்குறிப்பில் இருக்கும். கோர்ஸ் வொர்க்கில் ஆய்வு நெறிமுறை என்று ஒரு தாள் கட்டாயமாகப் படிக்க வைத்தீர்கள். எழுதாதவர் பெயரைப் போடுவது தவறு என்று அதில் வருகிறது. நான் அதில் நல்ல மதிப்பெண்.

படிக்காமல் எண்ணுவது இதோடு தொடங்கவில்லை. 2018-ம் ஆண்டு கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைப்படி பத்து சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் பரவாயில்லை. என் ஆய்வேட்டை மென்பொருளில் போட்டபோது பதினான்கு வந்தது. என்னவென்று பார்த்தால் பின்னிணைப்பில் நான் சேர்த்திருந்த அரசாணைகளின் வாசகம். வேறொரு மாணவரின் ஆய்வேட்டுக்குச் சுழியம் வந்தது, ஏனென்றால் அவர் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார், மென்பொருளுக்கு அது வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு விளக்கக் கடிதம், அவருக்குச் சான்றிதழ். அவர் திருடினார் என்று சொல்லவில்லை. யாரும் பார்க்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

இத்தனைக்கும் படிப்பதற்கான ஏற்பாடு நம் விதியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பருவமும் ஆலோசனைக் குழு முன் உட்கார வேண்டும். ஆய்வேடு வெளியே இரண்டு தேர்வாளர்களுக்குப் போகிறது. பிறகு எல்லோர் முன்னிலையிலும் வாய்மொழித் தேர்வு. அதற்குப் பிறகு இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறுகிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிப் படித்துக் கிழிக்கலாம். இந்த ஏற்பாடு சில இடங்களில் சடங்காகிவிட்டது என்பதை நானே ஒப்புக்கொள்வேன். தெரிந்த தேர்வாளர், சால்வை, மதியச் சாப்பாடு, "நல்ல முயற்சி" என்று ஒரு வரி அறிக்கை. அதைச் சரிசெய்யுங்கள், அதற்கு நாங்கள் கூட நிற்கிறோம். தேர்வாளர் அறிக்கை ஐந்து பக்கத்துக்குக் குறையக் கூடாது, அதை வெளியிடுவோம் என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள், பயப்படுகிறவர்கள் பயப்படட்டும். தரம் வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லை.

2015-ல் நேச்சர் இதழில் ஆய்வு மதிப்பீட்டு நிபுணர்கள் சிலர் லெய்டன் அறிக்கை என்று பத்துக் கொள்கைகளை வெளியிட்டார்கள். உள்ளூரோடு தொடர்புடைய ஆய்வின் தரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது அதில் மூன்றாவது. நேச்சர் நீங்கள் மதிக்கும் இதழ் என்பதால் சொல்கிறேன், ஸ்கோபஸிலும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேல் ஏரி, கண்மாய், குளங்கள் இருப்பதாக அரசுக் கணக்கு. அவற்றைத் தூர்வாருவது பற்றி ஒவ்வொரு கோடையிலும் பேச்சு வருகிறது. ஒரு கண்மாயில் யார் யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று இருந்த ஏற்பாடு எப்படி உடைந்தது என்பதைத் தமிழில் எழுதி வைத்தால் ஒரு பாசன சங்கத் தலைவர் படிப்பார், ஒரு உதவிப் பொறியாளர் படிப்பார். பெட்டியைத் திறந்த வீட்டில் ஒரு பேரன் இருக்கிறான், அவன் ஏற்கெனவே கேட்டுவிட்டான், "அக்கா, எப்ப புக்கா வரும்?" கட்டணம் கட்டித் திறக்க வேண்டிய ஆங்கிலக் கட்டுரையை அவனுக்கு அனுப்பி நான் என்ன சொல்வது?

நாங்கள் கேட்பவை இவை. சுற்றறிக்கைத் தேதிக்கு முன் பதிவு செய்த யாருக்கும் இது பொருந்தாது, அவரவர் பதிவு செய்தபோது இருந்த விதியே பொருந்தும் என்று எழுத்தில் அறிவியுங்கள். ஏற்கெனவே கேர் பட்டியல் காலத்தில் வெளியான கட்டுரைகளை ஏற்றுக்கொள்ளுங்கள். இது முதலில், உடனே, அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல். எனக்குத் தெரிந்து என்னைப் போல் சினாப்சிஸ் திருப்பப்பட்டவர்கள் ஒன்பது பேர், அதில் மூன்று பேருக்கு இந்த ஆண்டு முடிவதற்குள் கெடு முடிகிறது.

அடுத்து, கலைப் புலங்களுக்கும் சமூக அறிவியலுக்கும் தனி விதி வகுங்கள். வரலாறு, தமிழ், சமூகவியல், பொருளாதாரம், மொழியியல் என்று ஒவ்வொரு பாடத்திட்டக் குழுவும் தன் துறைக்கான இதழ்களைத் தானே படித்துப் பார்த்துப் பட்டியல் போடட்டும், தமிழ் இதழ்கள் அதில் இருக்கட்டும். நூல் இயல், சுவடிப் பதிப்பு, குறிப்புரையோடு கூடிய மொழிபெயர்ப்பு ஆகியவையும் கணக்கில் வரட்டும். நெறியாளர் பெயர் கட்டாயம் என்ற வரியை எல்லாத் துறைக்கும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். அறிவியல் மாணவர்களும் இதைக் கேட்கிறார்கள், அவர்கள் தனியாக எழுதுவார்கள்.

காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போட்டுத் தரும் தரகர்கள் நம் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். ஒரு விசாரணைக் குழு போடுங்கள், ஆய்வு மாணவர்கள் பெயர் சொல்லாமல் வாக்குமூலம் தர வழி செய்யுங்கள். என் போனில் இருக்கும் விலைப் பட்டியலைத் தர நான் தயார்.

இந்தச் சுற்றறிக்கையைக் கல்விக்குழுவின் அடுத்த கூட்டத்தில் வையுங்கள், ஆய்வு மாணவர்களில் இரண்டு பேரையாவது, அதில் ஒருவர் பகுதிநேர மாணவராக இருக்கும்படி, பேச அழையுங்கள். முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். முப்பது நாளில் ஸ்கோபஸ் கட்டுரையே கிடைக்கிறதாம், ஒரு பதில் கிடைக்காதா?

என் சினாப்சிஸ் பிரதிகள் ஸ்பைரல் போட்டபடி மஞ்சள் பையில் வீட்டில் இருக்கின்றன. கவுன்டர் வேலை நாளில் காலை பத்தரைக்குத் திறக்கிறது. எந்தத் தேதியில் கொண்டு வரட்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வரலாற்றுத் துறை ஆய்வு மாணவி ஒருத்தி,
திருப்பி அனுப்பப்பட்ட ஒன்பது பேரின் சார்பாகவும்